வீட்டுக்காரர் லொறி பழகும் மாதங்கள்: வீட்டில் இருப்பவர் செய்யக்கூடியவை

திருகோணமலையில் கனரக வாகனம் பழகுகிறவர்கள் பெரும்பாலும் சீனக்குடாப் பக்கத்து வேலைகளை நினைத்துத்தான் இறங்குகிறார்கள். எண்ணெய்த் தாங்கிகள், பிரிமா மா ஆலை, டோக்கியோ சீமெந்து எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. வடக்கே போனால் புல்மோட்டைக் கனிய மணல். இங்கெல்லாம் ஓடும் வாகனங்கள் ஒரே ரகம் அல்ல. பயிற்சிக்குக் காசு கட்டுமுன் முதலில் தெளிவாக்க வேண்டியது இதைத்தான்.

சாரதி அனுமதிப்பத்திரத்தில் சீ1 (C1) வகுப்பு 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரை மொத்த எடையுள்ள லொறிக்கு. அதற்கு மேல் சீ. பிரைம் மூவரில், அதாவது ட்ரெய்லரை இழுக்கும் முன்வண்டியில், கன்டெயினர் இழுப்பதற்கு சீஈ (CE) வேண்டும். சீ1 எடுத்துக்கொண்டு வேலை கேட்கப் போய், "எங்களிடம் இருப்பதெல்லாம் ட்ரெய்லர், தம்பி" என்ற பதிலோடு திரும்பியவர்கள் இருக்கிறார்கள். குறிவைத்த கம்பனியில் என்ன வாகனம், எந்த வகுப்பு என்று நேரில் கேளுங்கள். உங்கள் கணவர் கேட்கக் கூச்சப்பட்டால் நீங்கள் போன் எடுத்துக் கேட்கலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அடுத்தது பைல். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், இப்போதுள்ள சாரதி அனுமதிப்பத்திரம், மருத்துவச் சான்றிதழ் எல்லாவற்றையும் பிரதிகளோடு ஒரே இடத்தில் வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறொரு எழுத்து, அனுமதிப்பத்திரத்தின் ஆங்கிலப் பெயரில் மூன்றாவது எழுத்து என்று இருப்பது நம்மூரில் சாதாரணம். கவுண்டரில் வைத்துத்தான் அது தெரியவரும், அன்றைய நாள் அதோடு வீணாகும். மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் திருத்துவதற்கு மாதக்கணக்கில் எடுக்கலாம், அதனால் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். "எல்லாம் நான் பார்த்துத் தருகிறேன்" என்று வரும் புரோக்கரிடம் மூலப் பத்திரங்களைக் கொடுக்கவே வேண்டாம்.

மருத்துவப் பரிசோதனை தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் நடக்கும். சான்றிதழுக்குக் காலாவதி உண்டு என்பதால் அவசரப்பட்டு முந்தி எடுத்து வைக்காதீர்கள். ஆனால் பிரஷரையும் சீனியையும் சில வாரங்கள் முன்னதாகவே ஒரு கிளினிக்கில் பார்த்துவிடுவது நல்லது. நாற்பது தாண்டியவர்களில் தமக்கு சீனி இருப்பதே தெரியாமல் போகிறவர்கள் உண்டு. மருந்து எடுப்பவராக இருந்தால், அன்று மட்டும் குளிசையை விட்டுவிட்டுப் போனால் நல்ல முடிவு வரும் என்பது தவறான எண்ணம், பிரஷர் ஏறத்தான் செய்யும். கண்ணாடி போடுபவர் கண்ணாடியைக் கொண்டுபோக வேண்டும்.

எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். இரவில் இருபது நிமிடம் கேள்வி கேளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். வீதிக் குறியீடுகளைப் புத்தகத்தில் உள்ள வரிசையில் கேட்டால் அவர் வரிசையைத்தான் மனப்பாடம் செய்வார். கலைத்துக் கேளுங்கள். சரியான விடை வந்தாலும் ஏன் என்று ஒரு தடவை கேளுங்கள்.

நீங்கள் அதிகம் உதவக்கூடிய இடம் புறப்படுமுன் செய்யும் வாகனச் சோதனை. அதற்கு லொறி தேவையில்லை, அவர் முற்றத்தில் நின்று வாயால் சொன்னால் போதும். சாரதிக் கதவில் தொடங்கி ஒரே திசையில் சுற்றி வர வேண்டும், ஒருநாளும் திசை மாறக்கூடாது. எஞ்சின் ஒயில் அளவு, குளிர்ந்த எஞ்சினில் மட்டும் ரேடியேட்டர் தண்ணீர், ஒவ்வொரு டயரும் அதன் நட்டுகளும், விளக்குகள், கண்ணாடிகள், காற்றுக் கசிவுச் சத்தம், பாரத்தைக் கட்டிய பெல்ட். நட்டிலிருந்து துரு கோடாக வழிந்திருந்தால் அது தளர்ந்திருக்கலாம் என்ற விளக்கத்தையும் அவர் வாயாலேயே சொல்லவேண்டும். நீங்கள் தாளில் அடையாளம் போட்டுக்கொண்டு கடைசி வரை பேசாமல் இருங்கள். நடுவில் "டயரை விட்டிட்டீங்கள்" என்று எடுத்துக் கொடுத்தால், அடுத்த நாளும் நீங்கள் எடுத்துக் கொடுப்பீர்கள் என்று மனம் காத்திருக்கும்.

காரோ வேனோ ஓட்டியவருக்கு, காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் பிரேக்தான் புதிது. காற்றழுத்தம் போதியளவு ஏறும் வரை வாகனத்தை நகர்த்தக்கூடாது. அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கைச் சத்தம் வரும். இன்னும் குறைந்தால் ஸ்பிரிங் பிரேக் தானாகவே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அது பழுது இல்லை, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். இறக்கத்தில் பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்தால் காற்று தீரும், பிரேக்கும் சூடேறிப் பிடிப்பு குறையும். அதனால் இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்து, எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸோஸ்ட் பிரேக்கைப் போட வேண்டும். திருகோணமலையைச் சுற்றிப் பெரும்பாலும் சமதரை. ஓர்ஸ்ஹில் ஏற்றத்தை வைத்து மலைப்பாதை பழகியதாகச் சொல்ல முடியாது. கடுகண்ணாவைப் பக்கம் ஓடவேண்டிய வேலை என்றால், ஒரு நீண்ட இறக்கத்தையாவது பயிற்சியாளரோடு ஓடிப் பார்க்கும்படி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ட்ரெய்லர் ரிவர்ஸ் பலரை அழவைக்கும். இரண்டு அட்டைத் துண்டு வெட்டுங்கள், முன்வண்டிக்கு ஒன்று 5 சென்ரிமீற்றர், ட்ரெய்லருக்கு மற்றது 15. சின்னதின் பின்முனையையும் பெரியதின் முன்முனையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரு குண்டூசியால் குத்துங்கள். பெரியதின் பின்பகுதியில், சக்கரம் வரும் இடத்தில், விரலை மெல்ல வைத்துக்கொண்டு ஊசி இருக்கும் இடத்தை வலப்பக்கம் தள்ளுங்கள். வால் இடப்பக்கம் போகும். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்தால் கை போகும் பக்கமே வாலும் போகும் என்பது இதிலிருந்து விளங்கும். பிழை வருவது பெரும்பாலும் தாமதமாக, அதிகமாகத் திருப்புவதால். கோணம் கூடிவிட்டால் மேலும் திருப்பாமல் முன்னே எடுத்து நேராக்கிவிட்டுத் திரும்பத் தொடங்குவதே சரி. ட்ரெய்லர் இல்லாத லொறிக்கு இந்த வித்தை பொருந்தாது, அது கார் போலத்தான் பின்னே வரும்.

பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்தவுடன் "எப்படிப் போச்சு?" என்று கேட்காதீர்கள். அனுராதபுரச் சந்தியில் எஞ்சின் நின்று, பின்னால் ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்து, பக்கத்தில் பயிற்சியாளர் சத்தம் போட்ட நாளில் அந்தக் கேள்வி வழக்கு விசாரணை மாதிரித்தான் காதில் விழும். தேத்தண்ணியைக் குடித்து முடிக்கட்டும். அப்புறம் "இன்றைக்குப் புதிதாக என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் அவராகவே சொல்லுவார். மச்சான்மாரின் ஆலோசனையை வாசலிலேயே நிறுத்துங்கள். முப்பது வருடம் பவுசர் ஓட்டிய மாமா சொல்வது சரியாகவே இருக்கலாம், ஆனால் பரீட்சைக்கு முந்தின வாரம் இரண்டு முறைகளைக் கேட்டவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்.

வேலை தொடங்கினால் இரவு ஓட்டம் வரும். விடியப்புறம் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரையும், மத்தியானச் சோற்றுக்குப் பிறகும் தூக்கம் அடிக்கும். கோப்பி அதைத் தள்ளிப்போடும், தீர்க்காது. பகலில் தூங்குபவர் வந்தவுடனேயே படுக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பத்து மணிக்குப் பிறகு தகரக் கூரைக்குக் கீழே யாராலும் தூங்க முடியாது. ஜன்னலுக்குத் தடித்த துணி போடுங்கள், அவருடைய போன் உங்கள் கையில் இருக்கட்டும்.

சாப்பாட்டுப் பார்சலில் தேங்காய்ப்பால் வேண்டாம். இடியப்பமும் சொதியும் கபின் சூட்டில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். ரொட்டி, பால் விடாத பருப்பு, கருவாட்டுப் பொரியல் தாங்கும். இரண்டு லீட்டர் தண்ணீர் கட்டாயம். சோற்றைக் கொஞ்சமாகக் கட்டுங்கள்.

அவர் ஓடும்போது நீங்கள் அழைப்பு எடுக்காதீர்கள். புறப்படும்போதும், நிறுத்தும் இடங்களிலும் அவரே எடுப்பதாகப் பேசி வையுங்கள். கொழும்புக்குப் போகும் பாதையில் கந்தளாய், ஹபரணை இரண்டும் நல்ல நிறுத்தங்கள். அந்த இரண்டுக்கும் இடையில் யானை வீதி கடக்கும், மாலைக்கு மேல் கூடுதலாக. அந்தப் பகுதியில் அழைப்பு வரவில்லை என்று பதறி நீங்கள் எடுக்கக்கூடாது. பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990 என்ற இலக்கங்கள் இரண்டு பேருடைய போனிலும் இருக்கட்டும்.

காசு விசயத்தை வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுங்கள். பயிற்சிக் காலத்தில் வருமானம் குறையும் அல்லது இருக்கவே இருக்காது. நகையை அடகு வைக்குமுன் எத்தனை மாதம் தாங்கலாம் என்று எழுதிப் பாருங்கள், பரீட்சையில் ஒருமுறை தவறினால் ஆகும் செலவையும் சேர்த்து. வேலைக்கு எடுக்கும்போது அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ட்ரிப்புக்கான படி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு அவரிடமிருந்து 8 வீதமும் முதலாளியிடமிருந்து 12 வீதமும் போகவேண்டும். அடிப்படையைச் சிறிதாக வைத்து மிச்சத்தைப் படியாகக் கொடுத்தால் கையில் காசு நிறைய வருவது போலிருக்கும், சேமலாப நிதியில் சேருவது கொஞ்சம்தான். டயர் வெடித்தாலோ, பொருள் சேதமானாலோ, தண்டப்பணம் எழுதினாலோ யார் கட்டுவது என்பதையும் கடிதத்தில் எழுதி வாங்குங்கள்.