ஐபோனா, ஆண்ட்ராய்டா: ஒப்பிடும்போது நடக்கும் தப்புகள்

"ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறினேன், என்ன வேகம் தெரியுமா" என்று சொல்பவரிடம் பழைய போன் எது என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக நாலு வருஷத்துக்கு முன்னால் 12,000 ரூபாய்க்கு வாங்கியதாக இருக்கும். இப்போது கையில் இருப்பது 70,000 ரூபாய் போன். அந்த வேகத்தில் புது சிப்புக்கு எவ்வளவு பங்கு, வேகமான ஸ்டோரேஜுக்கு எவ்வளவு, ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸுக்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதே பணத்துக்கு சாம்சங்கின் கேலக்ஸி எஸ் வரிசை போனையோ கூகுளின் பிக்சலையோ வாங்கியிருந்தாலும் இதே ஆச்சரியம்தான் வந்திருக்கும்.

ஒப்பிடுவதென்றால் இரண்டு போனின் விலையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும், வெளிவந்த வருஷமும் பக்கத்தில் இருக்க வேண்டும். உங்கள் பட்ஜெட் 20,000 ரூபாய் என்றால் புது ஐபோன் கணக்கிலேயே வராது. அப்போது உண்மையான கேள்வி, பழைய ஐபோனை செகண்ட் ஹேண்டில் வாங்குவதா, புது ஆண்ட்ராய்டு வாங்குவதா என்பதுதான். அதற்கான பதில் வேறு இடத்தில் இருக்கிறது, கீழே வருகிறேன்.

ஆண்ட்ராய்டு என்றால் எல்லா போனிலும் ஒன்றேதான் என்று எடுத்துக்கொள்வது அடுத்த தப்பு. அடித்தளத்தை கூகுள் கொடுக்கிறது. அதன் மேல் ஒவ்வொரு கம்பெனியும் தன் சொந்த மாற்றங்களைச் சேர்த்து ஒரு பெயர் வைக்கிறது: சாம்சங் ஒன் யூஐ போடுகிறது, ஷாவ்மி ஹைப்பர்ஓஎஸ் போடுகிறது, ஒப்போ கலர்ஓஎஸ் போடுகிறது. செட்டிங்ஸில் எது எங்கே இருக்கிறது என்பதிலிருந்து, பின்னணியில் ஓடும் ஆப்பை எப்போது நிறுத்துவது என்பதுவரை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாட்ஸ்அப் செய்தி தாமதமாக வருகிறது, அலாரம் அடிக்கவில்லை என்று பலர் ஆண்ட்ராய்டைத் திட்டுவார்கள். பல நேரம் காரணம், பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக போன் கம்பெனி வைத்த கெடுபிடி. அந்த ஆப்பின் பேட்டரி அமைப்பில் கட்டுப்பாட்டை நீக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதேபோல, மலிவு போன்களில் வரும் விளம்பர நோட்டிஃபிகேஷனும், வாங்கும்போதே உள்ளே இருக்கும் வேண்டாத ஆப்புகளும் அந்தக் கம்பெனியின் வருமான வழி. ஒரு கம்பெனியின் போனில் பட்ட கஷ்டத்தை வைத்து இன்னொரு கம்பெனியின் போனை ஒதுக்குவது நியாயமில்லை.

இப்போது அப்டேட் விஷயத்துக்கு வருவோம். என் பார்வையில் ஒப்பீட்டில் அதிக எடை கொடுக்க வேண்டியது இதற்குத்தான். ஆனால் கடையில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆப்பிள் ஒரு புதுப் பதிப்பை வெளியிட்டால் தகுதியுள்ள எல்லா ஐபோனுக்கும் ஒரே நாளில் வந்துவிடும். 2018-ல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர், 2024-ல் வெளியான ஐஓஎஸ் 18 வரை ஏற்றுக்கொண்டது. 2025-ல் வந்த அடுத்த பதிப்பான ஐஓஎஸ் 26-க்குத்தான் குறைந்தது ஐபோன் 11 வேண்டும் என்றார்கள். ரொம்ப காலம் ஆண்ட்ராய்டில் இப்படி ஒன்றை எதிர்பார்க்கவே முடியாமல் இருந்தது, இரண்டு மூன்று வருஷத்தில் கைவிட்டுவிடுவார்கள். அந்த நிலை மாறிவிட்டது. 2023-ல் பிக்சல் 8-க்கு கூகுளும், 2024 தொடக்கத்தில் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் ஏழு வருஷ அப்டேட்டுக்கு உறுதி கொடுத்தன. 20,000 ரூபாய்க்குள் வந்த கேலக்ஸி ஏ16 5ஜி-க்கே ஆறு வருஷம் சொன்னார்கள். ஆனால் எல்லாக் கம்பெனியும் அப்படி இல்லை. விலை ஏறினால் அப்டேட் வருஷமும் ஏறும் என்பதும் இல்லை. மாடல் மாடலாகப் பார்க்கத்தான் வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. இந்த வருஷக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. தீபாவளித் தள்ளுபடியில் பாதி விலைக்குக் கிடைக்கும் இரண்டு வருஷப் பழைய மாடலில் இரண்டு வருஷ அப்டேட் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. பழைய ஐபோனா, புது ஆண்ட்ராய்டா என்ற மேலே சொன்ன கேள்விக்கும் இதுதான் உரைகல். இன்னும் எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் மீதி இருக்கிறது என்று எண்ணி, விலையை அந்த வருஷங்களால் வகுத்துப் பாருங்கள். விலைச்சீட்டில் மலிவாகத் தெரிந்தது பல நேரம் அப்படி இருக்காது.

பதிப்பு எண்ணை வைத்து மட்டும் இதை முடிவு செய்துவிடவும் முடியாது. ஐபோனில் சஃபாரி போன்ற அடிப்படை ஆப்புகள் பெரும்பாலும் ஐஓஎஸ் அப்டேட்டுடன் சேர்ந்துதான் புதுசாகும். ஆண்ட்ராய்டில் குரோம் தனியாகப் பிளே ஸ்டோர் வழியாகப் புதுசாகும். 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் சிஸ்டத்தின் சில உள் பாகங்களும் அப்படியே வருகின்றன. அதனால் ஒரு பதிப்பு பின்தங்கியிருக்கும் ஆண்ட்ராய்டு போன் உடனே செத்துப்போன போன் ஆகிவிடாது. செட்டிங்ஸில் பாதுகாப்பு அப்டேட்டின் தேதி என்று ஒன்று இருக்கும், அதைப் பாருங்கள். ஒரு வருஷத்துக்கு முந்தைய தேதி நின்றால் அந்த போனில் வங்கி ஆப் வைப்பதை யோசிக்க வேண்டும்.

அப்புறம், அமெரிக்காவிடமிருந்து கடன் வாங்கிய சண்டை. ஆங்கில யூடியூப் விமர்சனங்களில் ஐமெசேஜ் (ஐபோனின் சொந்த மெசேஜ் வசதி), நீலக் குமிழி, பச்சைக் குமிழி என்று பெரிதாகப் பேசுவார்கள்; அதில் இன்னொரு ஐபோனுக்குப் போகும் செய்தி நீலமாகவும், ஆண்ட்ராய்டுக்குப் போவது பச்சையாகவும் தெரியும். அமெரிக்காவில் அது நிஜமான பிரச்சினை. அங்கே ஐபோன்காரர்களின் குழுவில் ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் பிள்ளை தனித்துத் தெரிந்துவிடும். நம் வீட்டில் அப்பா முதல் அக்கா பிள்ளைகள் வரை எல்லாரும் வாட்ஸ்அப்பில் இருக்கிறோம், அது இரண்டிலும் ஒரேமாதிரி ஓடுகிறது. யுபிஐயும் அப்படியே. நமக்கு முக்கியமானவை அந்த வீடியோக்களில் வருவதே இல்லை. இரண்டு சிம் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே விற்கும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போனில் இரண்டு சாதா சிம் போடலாம். இந்தியாவில் வரும் வழக்கமான ஐபோனில் ஒன்று சாதா சிம், மற்றது இசிம், அதாவது கழற்ற முடியாதபடி போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம். போன் பழுதாகிவிட்டால் சாதா சிம்மைக் கழற்றி வீட்டில் கிடக்கும் பழைய போனில் போட்டு ஓடிபி வாங்கிவிடலாம். இசிம்மில் அது முடியாது. இரண்டு எண்ணையும் நம்பியிருக்கும் ஒரு வியாபாரிக்கு கேமராவைவிட இது பெரிய விஷயம்.

தமிழையும் சேர்த்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் போனின் மெனு முழுவதையும் தமிழில் வைக்கும் வசதி பல வருஷமாக உண்டு. ஐபோனில் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் கூடவே வருகின்றன. கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டு இரண்டிலும் கிடைக்கும். அம்மாவுக்கு வாங்குவதாக இருந்தால் கடையிலேயே அவர் கையில் கொடுத்து, குரலில் ஒரு வரி சொல்லச் சொல்லியும், எழுத்தைப் பெரிதாக்கியும் பாருங்கள். அவருக்குச் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பார் என்பதையும் கணக்கில் எடுங்கள். வீட்டில் மூன்று பேர் ஆண்ட்ராய்டு வைத்திருக்கும்போது அவர் கையில் மட்டும் ஐபோனைக் கொடுத்தால், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் அவர் திண்டாடுவார்.

பழைய ஞாபகத்தை வைத்துப் பேசுவதும் நிறைய நடக்கிறது. "ஐபோனில் ஒன்றையும் மாற்ற முடியாது" என்ற பேச்சில் இப்போது பாதிதான் உண்மை. முகப்புத் திரையில் விட்ஜெட், வேறு பிரவுசரை வழக்கமான பிரவுசராக வைப்பது இரண்டும் 2020-ல் ஐஓஎஸ் 14-உடன் வந்துவிட்டன. 2023-ல் ஐபோன் 15 முதல் டைப்-சி சார்ஜர் வந்தது. ஆப்பைத் தனியாகப் பூட்டுவது 2024-ல் ஐஓஎஸ் 18-உடன் வந்தது. "ஆண்ட்ராய்டில் எந்த ஆப்பும் எதையும் எடுத்துக்கொள்ளும்" என்பதும் அதே மாதிரிதான். ஒவ்வொரு அனுமதியையும் தனியாகக் கேட்கும் முறை 2015-ல் ஆண்ட்ராய்டு 6-லேயே வந்தது. மைக்கோ கேமராவோ ஓடும்போது மேலே தெரியும் பச்சைப் புள்ளி 2021-ல் ஆண்ட்ராய்டு 12-இல் வந்தது.

பாதுகாப்பைப் பற்றி இன்னும் நேராகவே சொல்ல வேண்டும். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சீட்டு என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்பு) அனுப்பி வங்கிக் கணக்கைக் காலி செய்யும் மோசடி ஆண்ட்ராய்டைக் குறிவைத்து நடக்கிறது. பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப் போட ஆண்ட்ராய்டு அனுமதிப்பதுதான் அதற்கு வழி. இந்தியாவில் ஐபோனில் சாதாரணமாக அப்படிப் போட முடியாது. இது ஐபோனுக்கு உண்மையான சாதகம், ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் "ஐபோன் இருக்கிறது, பயமில்லை" என்ற நினைப்பு ஆபத்து. டிஜிட்டல் கைது என்று வீடியோ காலில் மிரட்டுபவனுக்கும், ஓடிபி கேட்பவனுக்கும் உங்கள் கையில் எந்த போன் இருக்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை.

ரேமையும் (ஆப்புகள் ஓடும் நினைவகம்) எம்ஏஎச்சையும் (பேட்டரியின் அளவு) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அதிகப் பயன் இல்லை. ஐபோன் 15-இல் 6 ஜிபி ரேம்தான், 12 ஜிபி ஆண்ட்ராய்டைவிட அது பாதி வேகத்தில் ஓடுவதில்லை. இரண்டு சிஸ்டமும் நினைவகத்தைக் கையாளும் விதமே வேறு. "விர்ச்சுவல் ரேம்" என்று கூட்டிச் சொல்வது ஸ்டோரேஜிலிருந்து எடுத்தது, அதற்கு நிஜ ரேமின் வேகம் கிடையாது. ஆண்ட்ராய்டோடு ஆண்ட்ராய்டை ஒப்பிட மட்டும் இந்த எண்கள் உதவும்.

கடைசியாக, மாறுவதற்கு ஆகும் செலவு. ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபி, கூகுளில் 15 ஜிபி. அந்த 15-க்குள்தான் ஜிமெயிலும் போட்டோவும் ஆண்ட்ராய்டின் வாட்ஸ்அப் பேக்கப்பும் அடங்க வேண்டும். ஒன்றில் காசு கொடுத்து வாங்கிய ஆப் மற்றதில் தானாக வராது. கூகுள் டிரைவில் இருக்கும் வாட்ஸ்அப் பேக்கப்பை ஐபோன் அப்படியே எடுத்துக்கொள்ளாது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்கள் ஆப்பிளின் மூவ் டு ஐஓஎஸ் ஆப் வழியாக வாட்ஸ்அப் உரையாடல்களைப் பழைய போனிலிருந்து நேராக மாற்றலாம். ஆனால் புது போனை முதன்முதலில் செட்டப் செய்யும்போதே செய்வதுதான் பத்திரம். அவசரத்தில் தாண்டிப் போய்விட்டால் போனை ரீசெட் செய்து மறுபடி ஆரம்பிக்க வேண்டி வரும். யுபிஐ ஆப்புகள் புது போனிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பி மறுபடி பதிவு செய்யச் சொல்லும், சில வங்கிகள் தொடக்கத்தில் சிறிய தொகையை மட்டுமே அனுப்ப விடும். அதனால் வாடகையோ பள்ளிக் கட்டணமோ கட்ட வேண்டிய நாளில் போனை மாற்றாதீர்கள். பழைய போனை ஒரு வாரமாவது விற்காமல் வைத்திருங்கள். விற்கும்போது ஐபோனாக இருந்தால் தொலைந்த போனைத் தேடும் ஃபைண்ட் மை வசதியை அணைத்துவிட்டு, ஆண்ட்ராய்டாக இருந்தால் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, அதன் பிறகு ரீசெட் செய்து கொடுங்கள். இல்லையென்றால் வாங்கியவர் உங்கள் பாஸ்வேர்டு இல்லாமல் அதைப் பயன்படுத்தவே முடியாது.