நடுவர் தேர்வுள்ள அமெரிக்கக் கலைத் திருவிழாவில் ஸ்டால் போட விண்ணப்பிப்பது எப்படி?

கோடை வந்துவிட்டால் அமெரிக்க ஊர்களில் கடைத்தெருவை அடைத்து, வெள்ளை டென்ட்களை வரிசையாகப் போட்டு, ஓவியம், மண்பாண்டம், நகை, சிற்பம் என்று விற்பார்கள். பார்க்க நம்மூர்ச் சந்தை மாதிரிதான் இருக்கும். ஆனால் காசு கட்டியவர்களுக்கெல்லாம் இடம் கிடைக்காது. மிச்சிகனில் 1960 முதல் நடக்கும் ஆன் ஆர்பர் தெருக் கலை விழா, டென்வரில் ஜூலை 4-ஐ ஒட்டி நடக்கும் செர்ரி கிரீக் விழா, மயாமியில் பிப்ரவரியில் வரும் கோகனட் குரோவ் விழா போன்றவற்றில் ஒரு நடுவர் குழு மதிப்பெண் போட்டுத்தான் ஆளை எடுக்கும்.

புதிதாக விண்ணப்பிப்பவர்கள் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நடுவர்கள் உங்கள் ஓவியத்தைப் பார்ப்பதே இல்லை. ஓவியத்தின் போட்டோவைத் திரையில் சில நொடிகள் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் போட்டோ மங்கலாக இருந்தால் மதிப்பெண்ணும் மங்கல்தான். அதனால் இந்த விளக்கத்தில் போட்டோவுக்குத்தான் அதிக இடம்.

படி 1: விற்க உங்களுக்கு அனுமதி இருக்கிறதா?

விண்ணப்பப் படிவம் இதைக் கேட்காது, நீங்களேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். எச்1பி விசாவில் இருப்பவர் விசா எடுத்துத் தந்த நிறுவனத்தில் மட்டுமே வேலை செய்யலாம். வார இறுதியில் ஸ்டால் போட்டுச் சொந்த ஓவியத்தை விற்பதும் சுயதொழிலாகவே கருதப்படக்கூடும். எச்4-இல், அதாவது எச்1பிகாரரின் துணைவராக இருப்பவருக்கு இஏடி எனும் வேலை அனுமதி அட்டை வேண்டும். எஃப்1 மாணவர்களுக்கும் இஷ்டத்துக்குச் சம்பாதிக்க வழியில்லை. “பொழுதுபோக்குதானே” என்று நினைத்து இறங்காமல், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் நேரே அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: விதிமுறைத் தாளை வரி வரியாகப் படியுங்கள்

ஏறக்குறைய எல்லா விழாக்களிலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான். படைப்பு உங்கள் சொந்தக் கற்பனையாகவும், உங்கள் கையால் செய்ததாகவும் இருக்க வேண்டும். விழா நாட்கள் முழுவதும் நீங்களே ஸ்டாலில் நிற்க வேண்டும். மாமாவையோ தங்கையையோ அனுப்ப முடியாது, வருகைப் பதிவின்போது அடையாள அட்டை கேட்பார்கள். வாங்கி விற்கும் பொருள், கடையில் வாங்கிய அச்சில் வார்த்த பொருள், கிட் வாங்கிச் செய்தது எதற்கும் இடமில்லை. செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய படங்களையும் இப்போது பல விழாக்கள் வெளிப்படையாகத் தடை செய்கின்றன. ஓவியத்தின் பிரின்ட் விற்கலாமா, எத்தனை பிரதி, கையெழுத்தும் எண்ணும் கட்டாயமா என்பது விழாவுக்கு விழா மாறும்.

நம்மவர்களுக்கு இங்கே இரண்டு இடங்களில் இடறும். ஒன்று, தஞ்சாவூர் ஓவியம். தவழும் கண்ணனை டிரேஸ் எடுத்து, அச்சில் இருக்கும் அதே அமைப்பில் செய்தால் வேலைப்பாடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் “சொந்த வடிவமைப்பு” என்ற விதி கேள்வியாக நிற்கும். தங்க ரேக்கும் (மெல்லிய தங்கத் தகடு), சுண்ணக் கலவையில் மேடு எழுப்பும் மக் ஒர்க்கும் மரபுப்படி இருக்கட்டும், ஆனால் உருவமும் அமைப்பும் உங்களுடையதாக இருக்க வேண்டும். மற்றொன்று, நகை. கடையில் வாங்கிய மணிகளைக் கோத்துச் செய்த மாலையைப் பல விழாக்கள் ஏற்பதில்லை. மண்ணைப் பிசைந்து நீங்களே சுட்ட டெரகோட்டா மணி என்றால் பேச்சு வேறு. அப்போதும் நகைப் பிரிவில்தான் போட்டி மிக அதிகம் என்பதை நினைவில் வையுங்கள்.

பிரிவைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். தஞ்சாவூர் ஓவியத்தைப் ‘பெயின்டிங்’ பிரிவில் போடுவதைவிட, பல பொருள்களைச் சேர்த்துச் செய்யும் ‘மிக்ஸ்டு மீடியா’ பிரிவில் போடுவது பல இடங்களில் பொருந்தும். சந்தேகம் இருந்தால் விழா அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கேட்டதற்காக யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

படி 3: கணக்குத் தொடங்குதல், நாட்காட்டி

பெரும்பாலான பெரிய விழாக்கள் ஜாப்ளிகேஷன் (ZAPPlication) என்ற தளத்தின் வழியே விண்ணப்பம் வாங்குகின்றன. ‘ஜாப்’ என்றுதான் கலைஞர்கள் சொல்வார்கள். கணக்குத் தொடங்க இலவசம். படங்களை ஒருமுறை ஏற்றி வைத்தால் எத்தனை விழாவுக்கும் அவற்றையே பயன்படுத்தலாம்.

கோடை விழாவுக்குக் கோடையில் விண்ணப்பிக்க முடியாது. கடைசித் தேதி பெரும்பாலும் ஆறேழு மாதம் முன்னதாக, முந்தைய குளிர்காலத்திலேயே வந்துபோகும். அதாவது ஜூலையில் ஸ்டால் போட வேண்டுமானால் அக்டோபரிலேயே போட்டோ தயாராக இருக்க வேண்டும்.

படி 4: படைப்புகளைப் படமெடுத்தல்

பொதுவாக மூன்று முதல் ஐந்து படைப்புப் படங்களும், ஒரு ஸ்டால் படமும் கேட்பார்கள். நடுவர் திரையில் இவை ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். எனவே தனித்தனிப் படமாக யோசிக்காமல் ஒரு வரிசையாக யோசியுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஒரு தஞ்சாவூர் ஓவியம், ஒரு நீர்வண்ண நிலக்காட்சி, ஒரு பென்சில் முகம் என்று கலந்து வைத்தால் “எனக்கு எல்லாம் வரும்” என்று நீங்கள் சொல்வதாக நினைப்பீர்கள். நடுவருக்கோ இன்னும் தன் வழியைக் கண்டுபிடிக்காத ஆள் என்றுதான் படும். ஒரே உத்தி, ஒரே நிறக் குடும்பம், ஒரே எண்ண ஓட்டம் கொண்ட ஐந்தை எடுங்கள். ஐந்தில் ஒன்று சற்று மட்டம் என்றால் அது மற்ற நான்கையும் கீழே இழுக்கும். ஐந்து தேறவில்லையா, இந்த வருடம் வரையுங்கள், அடுத்த வருடம் விண்ணப்பியுங்கள். வரிசையின் இரு முனைகளிலும் வலுவானவை இருக்கட்டும். முகம் இடப்பக்கம் பார்க்கும் ஓவியத்தை வலது முனையில் வைத்தால் பார்வை வரிசைக்குள்ளேயே திரும்பும்.

எடுக்கும் முறை: ஓவியத்தைச் சுவரில் செங்குத்தாக மாட்டி, கேமராவை டிரைபாடில் ஓவியத்தின் நடுப்புள்ளி உயரத்தில் நிறுத்துங்கள். கேமரா கொஞ்சம் சாய்ந்தாலும் செவ்வகம் சரிவகமாகிவிடும். ஒரே மாதிரி இரண்டு விளக்குகளை இருபுறமும் 45 பாகையில் வையுங்கள். அறையின் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு ஒளியும் கலந்து வெள்ளை பச்சையடிக்கும். கேமராவின் ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 100-இலும், லென்ஸ் துளையை எஃப்/8-இலும் வைத்து, கைபடாமல் டைமரில் எடுங்கள். முதல் படத்தில் ஒரு சாம்பல் அட்டையையும் சேர்த்து எடுத்தால் பின்னால் நிறத்தைத் திருத்தச் சுலபம். போனில் எடுத்தாலும் போதும், ஆனால் கிட்டப் போய் எடுக்காமல் தள்ளி நின்று 2 மடங்கு லென்ஸில் எடுங்கள். கிட்டத்தில் எடுத்தால் ஓரங்கள் வெளியே வளையும்.

கண்ணாடி போட்ட ஓவியத்தைக் கண்ணாடியை எடுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். சட்டமும் வேண்டாம், ஓவியத்தின் விளிம்போடு வெட்டிவிடுங்கள். வாட்டர்மார்க், பெயர் எதுவும் கூடாது. நடுவருக்கு ஆள் தெரியக் கூடாது என்பதுதான் விதி.

தங்க ரேக்குக்கு மட்டும் தனிப் பாடம் உண்டு. மேலே சொன்ன 45 பாகை விளக்கில் தங்கம் கறுத்துப்போய்த் தெரியும், ஏனென்றால் ரேக்கு கண்ணாடி மாதிரி. எதிரே இருட்டு இருந்தால் இருட்டைத்தான் காட்டும். விளக்குக்கும் லென்ஸுக்கும் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டி) போட்டால் பளபளப்பு சுத்தமாகச் செத்து இன்னும் மோசமாகும். வழி எளிது: பெரிய வெள்ளை அட்டை ஒன்றின் நடுவே லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, கேமரா அதன் வழியே பார்க்கும்படி வைத்து, அந்த அட்டை மேல் கொஞ்சம் வெளிச்சம் விழச் செய்யுங்கள். ரேக்கு அந்த வெள்ளையைப் பிரதிபலித்துப் பொன்னாக நிற்கும். அட்டையை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள், அதிகமானால் வெளிறிவிடும்.

மண்பாண்டம், சிற்பம் போன்றவற்றுக்குப் பின்னணி சாம்பலில் இருந்து வெள்ளைக்கு மெல்ல மாறும் தாளாக இருக்கட்டும். எல்லாப் படத்துக்கும் அதே தாள். பட்டுத்துணி, பூ, பித்தளை விளக்கு எல்லாம் வைத்து அலங்கரிக்காதீர்கள். நடுவர் கண் விளக்குக்குப் போய்விடும்.

கோப்பு ஜேபெக் வடிவில், எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற நிற அமைப்பில் இருக்க வேண்டும். படத்தின் குறுகிய பக்கம் எத்தனை பிக்சல், கோப்பு எத்தனை எம்பி என்ற அளவு தளத்திலேயே இருக்கும், ஏற்றும் நாளன்று ஒருமுறை சரிபாருங்கள். ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனை: ஐந்தையும் திரையில் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி வரிசையாக வைத்து, படம் வரையாத ஒருவரிடம் பத்து நொடி காட்டி மூடிவிடுங்கள். என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் வரிசை தயார்.

படி 5: ஸ்டால் படம்

நல்ல ஓவியர்கள் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். “இன்னும் ஒரு விழாவிலும் கலந்துகொள்ளவே இல்லை, ஸ்டால் படத்துக்கு எங்கே போவது?” என்று கேட்பார்கள். விழாவில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வீட்டு முன்பாதையிலோ கராஜிலோ 10 அடிக்கு 10 அடி அளவில் அமைத்து எடுக்கலாம். கணினியில் ஒட்டி உருவாக்கிய ஸ்டால் படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை, அதை விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டென்ட் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். நீல டென்ட்டுக்குள் எல்லா ஓவியமும் நீலம் பாய்ந்திருக்கும். மூன்று பக்கமும் சாம்பல் நிறத் துணிச் சுவர் அமைத்து, எட்டு முதல் பன்னிரண்டு படைப்புகள் மாட்டினால் போதும். சுவர் முழுக்க அடைத்தால் கடை மாதிரி ஆகிவிடும். நீங்கள் அனுப்பிய ஐந்து படைப்புகளில் சிலவாவது இதில் தெரிய வேண்டும், அல்லது அதே வகைப் படைப்புகளாவது. வேறு வகை தெரிந்தால் நடுவர் சந்தேகப்படுவார். மேகமூட்டமான நாளிலோ முழு நிழலிலோ எடுங்கள். உச்சி வெயிலில் எடுத்தால் பாதி ஸ்டால் வெளுத்தும் பாதி கறுத்தும் இருக்கும். பின்சுவரை மூடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் நிற்கும் கார்தான் முதலில் தெரியும். நேர் எதிரே 12 முதல் 15 அடி தள்ளி, மார்பு உயரத்தில் இருந்து எடுங்கள்.

எடுக்கும் முன் வெளியேற்ற வேண்டியவை: ஆட்கள், பெயர்ப் பலகை, விலைச் சீட்டு, பிரின்ட் கூடை, நாற்காலி, தண்ணீர் பாட்டில். பெயர் தெரிந்தால் விண்ணப்பத்தையே தள்ளுபடி செய்யும் விழாக்கள் உண்டு.

தொடக்கநிலைக் கலைஞர்களுக்கென்று தனித் திட்டம் வைத்திருக்கும் விழாக்களும் உள்ளன. டென்ட்டையோ கட்டணச் சலுகையையோ அவர்களே தருவார்கள், சில இடங்களில் ஸ்டால் படமும் கேட்பதில்லை. முதல் முறை போகிறவர் இதைத்தான் முதலில் தேட வேண்டும்.

படி 6: நான்கு வரி எழுதுதல்

உத்தி விளக்கத்துக்கு மிகக் குறைந்த எழுத்துகளே தருவார்கள். “நிறங்களின் வழியே என் ஆன்மாவைத் தேடுகிறேன்” என்பதற்கு அங்கே இடமில்லை. நடுவர் மனதில் எழும் கேள்வி ஒன்றுதான்: இது எப்படிச் செய்தது? “பலகையில் துணி ஒட்டி, சுண்ணக் கலவையில் மேடு எழுப்பி, தங்க ரேக்கு பதித்து, கையால் வரைந்தது. அச்சு ஏதும் இல்லை.” இவ்வளவு போதும். இதையே ஆங்கிலத்தில் எழுதுங்கள். உயரம், அகலம், விலை கேட்கும் கட்டங்களை நிரப்பாமல் விடாதீர்கள். அளவு தெரியாமல் நடுவரால் எதையும் கற்பனை செய்ய முடியாது.

படி 7: பணம் கட்டி அனுப்புதல்

விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் 25 முதல் 50 டாலர். தேர்வானாலும் ஆகாவிட்டாலும் திரும்பி வராது. தேர்வானபின் கட்டும் ஸ்டால் கட்டணம் சில நூறு டாலரில் தொடங்கி, பெரிய விழாவில் ஆயிரத்தையும் தாண்டும். மூலை ஸ்டாலுக்குக் கூடுதல். படிவத்தை நிரப்பியதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். பணம் கட்டும் பக்கம் வரை போய், உறுதி மின்னஞ்சல் வந்தால்தான் விண்ணப்பம் சேர்ந்ததாக அர்த்தம். நள்ளிரவுக் கெடு எந்த நேர மண்டலத்துக்கு என்றும் பாருங்கள்.

படி 8: முடிவு வந்தபின்

நடுவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே மதிப்பெண் இடுவார்கள். 1 முதல் 7 வரை போடச் சொல்லி, நடுவிலுள்ள 4-ஐ மட்டும் நீக்கிவிடும் முறையும் உண்டு. “பரவாயில்லை” என்று நழுவ முடியாதபடி. மொத்தத்தைக் கூட்டி, பிரிவுக்கு இத்தனை இடம் என்று பிரிப்பார்கள். முந்தைய ஆண்டு பரிசு பெற்றவர்களுக்குப் பல விழாக்களில் நடுவர் தேர்வே கிடையாது, நேரே இடம். ஆக, அறிவிப்பில் உள்ள எண்ணிக்கை முழுவதும் உங்களுக்குத் திறந்திருக்கவில்லை. நிராகரிப்பு வந்தால் மதிப்பெண் விவரம் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். சில விழாக்கள் தரும். நூலிழையில் தவறியதா, எட்டாத தூரத்தில் நின்றதா என்று அதில் தெரியும். முதலாவது என்றால் பெரும்பாலும் போட்டோவைச் சரிசெய்தால் போதும்.

அழைப்பு வந்தால் ஸ்டால் கட்டணத்துக்குக் கெடு இருக்கும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். மாநில விற்பனை வரி உரிமமும் எடுக்க வேண்டும். மிச்சிகனில் விற்பனை வரி 6 சதவீதம், வேறு பல மாநிலங்களில் ஊருக்கு ஊர் மாறும். டென்ட் துணி தீப்பிடிக்காத வகை என்ற சான்றும் கேட்கலாம்.

டென்ட்டுக்குக் கனம் கட்டுவதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். காலுக்கு 40 பவுண்டாவது தேவை. 4 அங்குல பிவிசி குழாயை 3 அடி நீளத்துக்கு வெட்டி, அடியை மூடி, கான்கிரீட் ஊற்றினால் குழாயோடு சேர்த்துச் சுமார் 44 பவுண்டு வரும். மேலே ஒரு கொக்கி பதித்து, டென்ட்டின் மேல் மூலையோடு கட்டி, அடியைக் காலோடு இறுக்குங்கள். தொங்கவிட்டு ஆடவிட்டால் காற்றில் அதுவே காலை இடித்து வளைக்கும். தார்ச்சாலையில் ஆணி அடிக்க விட மாட்டார்கள், எனவே முளை எதற்கும் உதவாது. உங்கள் டென்ட் பறந்தால் உடைவது பக்கத்து ஸ்டால்காரரின் கண்ணாடிச் சிற்பமாக இருக்கும்.

காத்திருப்புப் பட்டியலில் பெயர் வந்தால் அதை நிராகரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விழாவுக்கு ஒரு வாரம் முன்புகூட அழைப்பார்கள். வரி உரிமம், கனக் குழாய், சட்டமிட்ட ஓவியங்கள் மூன்றும் தயாராக இருந்தால் அன்றே “வருகிறேன்” என்று சொல்லலாம்.