ஈயக்கட்டியில் ஜிமிக்கிக் கிண்ணம் எழுப்புதல்

ஜிமிக்கிக் கிண்ணத்தைக் குழிவாக எழுப்புவதற்கு விலை கூடிய குழியச்சுக் கட்டை (அரைக்கோளக் குழிகள் கொண்ட உலோகக் கட்டை) கட்டாயமில்லை. ஓர் ஈயக்கட்டியும், நாமே தேய்த்தெடுத்த இரண்டு மூன்று அச்சுக்கோல்களும் (தகட்டை அடித்துக் குழிக்கும் உருண்டை முனைக் கோல்கள்) போதும். ஈயம் அடிக்கு இடம் கொடுத்தாலும் தகட்டைச் சுற்றிலும் தாங்கிக்கொள்வதால், வெறும் மரக்குழியில் அடிக்கும்போது விழுகின்ற அளவுக்கு விளிம்பில் மடிப்பு விழுவதில்லை.

ஈயத்துக்கு, முல்லைத்தீவுக் கரையில் கழித்துவிடப்பட்ட வலைகளின் ஈயக்குண்டுகளை விலைக்கு வாங்கலாம். பழைய பற்றரியை உடைக்க வேண்டாம். காணி கொத்தும்போது வெளிப்படும் சன்னங்களையும் வெடிபொருள் எச்சங்களையும் தொடவே கூடாது. ஏறக்குறைய 2 கிலோ ஈயம் ஒரு ரின்மீன் பேணியில் 4 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிற்கும். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகிவிடும் என்பதால் விறகடுப்பே போதும்; ஆனால் திறந்தவெளியில், காற்று வரும் பக்கமாக நின்று, சமையலுக்கு இனி ஒருபோதும் பயன்படுத்தாத சட்டியில் உருக்க வேண்டும். உருகிய ஈயத்தை ஊற்றப்போகும் பேணியை முதலில் வெறுமையாகச் சுட்டெடுங்கள். மாரி காலத்தில் அதன் அடியில் ஒரு துளி ஈரம் தங்கியிருந்தாலும், அது நொடியில் ஆவியாகி உருகிய ஈயத்தை முகத்தில் தெறிக்க வைக்கும்.

அச்சுக்கோலுக்குப் பழைய உளி அல்லது தடித்த போல்ட் ஒன்றின் முனையை அரத்தால் உருண்டையாக்கி, மண்தாளில் படிப்படியாக மினுக்குங்கள். முனையிலுள்ள ஒவ்வொரு கீறலும் வெள்ளியில் பதியும் என்பதால், வேலையில் பாதி நேரம் இதற்கே போனாலும் நட்டமில்லை. பெரிய குழிவுகளுக்கு நான் பாலை மரக் கோலையே விரும்புகிறேன்; வன்னியில் அதைவிட உறுதியான மரத்தைத் தேடி அலையத் தேவையில்லை.

10 மில்லிமீற்றர் விட்டமுள்ள அரைக்கோளத்துக்கு, 0.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள வெள்ளித் தகட்டில் 14 மில்லிமீற்றர் வட்டம் வெட்ட வேண்டும். அதை நிழலான மூலையில் மங்கிய சிவப்பு தெரியும்வரை சுட்டு, நீரில் இட்டு இளக்குங்கள். பெரிய கோலால் ஈயத்தில் ஆழமில்லாத பள்ளம் ஒன்றைப் பதித்து, மெல்லிய பொலித்தீன் துண்டை விரித்து, அதன்மேல் வட்டத்தை வைத்து நடுவில் அடியுங்கள். பின்னர் சிறிய கோல்களுக்கு மாறிப் பள்ளத்தை ஆழப்படுத்திச் செல்லலாம். சுத்தியல் துள்ளி, ஓசை கணீரென மாறினால் தகடு இறுகிவிட்டது. அதற்குமேல் அடித்தால் வெடிக்கும், மீண்டும் சுட்டு இளக்க வேண்டும்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது இங்கேதான். பொலித்தீன் கிழிந்த இடத்தில் ஒட்டிய ஈயம் சாம்பல் நிறத் தீற்றலாகத் தெரியும். அதைச் சுரண்டி, மண்தாளால் முற்றாகத் தேய்த்தெடுக்காமல் நெருப்பில் காட்டினால், வெள்ளியானாலும் தங்கமானாலும் ஈயம் உள்ளிறங்கி அரித்துவிடும். எள்ளளவு தீற்றலைக் கவனியாமல் சுட்டு, முடியும் தறுவாயிலிருந்த கிண்ணத்தில் ஊசித்துளை விழப் பார்த்திருக்கிறேன். அந்தக் கிண்ணத்தின் சோடியையும் மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. வெள்ளியிலுள்ள ஈயத்தை நைத்திரிக் அமிலத்தால் நீக்க முயல வேண்டாம். அமிலம் வெள்ளியையும் சேர்த்துக் கரைக்கும்.

கட்டியின் முகம் பள்ளமாகிவிட்டால் சுத்தியலால் தட்டிச் சமப்படுத்தலாம். மறுபக்கமும் தேய்ந்த பின்னர் உருக்கி வார்த்தால் போதும். ஈய வேலைக்கு வைத்த அரமும் மண்தாளும் பற்றவைக்கும் மேசைக்கு வரக் கூடாது. கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே தேநீர்க் கோப்பையைத் தொடுங்கள்.