எல்லையோரப் புறம்போக்கில் மருத்துவக் கழிவா? அள்ளுவதற்கு முன் செய்ய வேண்டியவை

புளியரை, கம்பம் மெட்டு, கோபாலபுரம், வாளையாறு என்று கேரளத்துக்குப் போகும் எந்தச் சாலையாக இருந்தாலும் கதை ஒன்றுதான். ஓடைப் புறம்போக்கிலோ கைவிட்ட கல்குவாரிக் குழியிலோ விடியும்போது மருத்துவமனைக் கழிவு அடைத்த மஞ்சள் பைகள் குவிந்து கிடக்கும். ஜேசிபியை வைத்து மூடலாம், இல்லையென்றால் கொளுத்திவிடலாம் என்றுதான் ஊரில் முதலில் பேசுவார்கள். இரண்டும் வேண்டாம். எங்கிருந்து வந்தது என்று சொல்ல அந்தக் குப்பைதான் முக்கியமான சாட்சி. 2024 டிசம்பரில் நெல்லை மாவட்டம் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கொட்டியதை மூன்று நாளில் எடுக்கும்படி கேரளத்துக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. லாரிகள் வந்து அள்ளிப்போயின. எந்த மருத்துவமனை என்று காட்டிக்கொடுத்தது உள்ளே கிடந்த காகிதங்கள்தான்.

கையால் தொடாதீர்கள், ஊசி இருக்கும். நீளக் குச்சியும் தடித்த பூட்ஸும் போதும். ஆடு மாடுகளை வேறு பக்கம் ஓட்டச் சொல்லுங்கள். செல்போனில் லொக்கேஷனை ஆன் செய்துவிட்டு, முதலில் தள்ளி நின்று மலையோ பாலமோ மின்கம்பமோ தெரியும்படி எடுங்கள். பிறகு குவியலின் உயரம் புரியும்படி பக்கத்தில் ஒரு மண்வெட்டியை நட்டு எடுங்கள். கடைசியாக, எழுத்துகளை நெருக்கத்தில் எடுங்கள். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பைகளில் பார்கோடு இருக்க வேண்டும். கொட்டுகிறவர்கள் அதைக் கிழித்துவிடுவது உண்டு, ஆனால் லேப் சீட்டையும் டிஸ்சார்ஜ் பில்லையும் யாரும் பொறுக்கிக்கொண்டிருப்பதில்லை. மருந்து அட்டையிலுள்ள பேட்ச் எண்ணையும் விடாதீர்கள். டயர் தடம் இருந்தால் மழைக்கு முன் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் யானைச் சாணமோ மான் தடமோ இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். வனத்துறைக்கு அனுப்பும் மனுவுக்கு அதுதான் பலம்.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அதோடு சேர்ந்த இட, நேர விவரம் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், மூலப் படத்தைப் போனிலிருந்து அழிக்காதீர்கள். கோர்ட்டுக்குப் போனால் பாரதிய சாக்ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்று கேட்பார்கள். நோயாளியின் பெயர் தெரியும் சீட்டை ஊர் குரூப்பில் போடுவது தப்பு. அவர் எந்தப் பாவமும் அறியாதவர்.

அடுத்தது சர்வே எண். பெரும்பாலான மனுக்கள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. ஓடை என்றால் ஒரு துறை, மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்) என்றால் வருவாய்த்துறை, காப்புக்காடு என்றால் வனத்துறை. எண் இல்லாத மனுவை ஒருவர் மாற்றி ஒருவர் தள்ளிவிடுவார்கள். தமிழக அரசின் மின்சேவைத் தளத்தில் அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகை, உரிமை விவரம்) புலப்படத்தையும் (அந்த சர்வே எண்ணின் அளவு வரைபடம்) பார்க்கலாம். சந்தேகமிருந்தால் கிராம வரைபடத்தை எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ.விடம் போங்கள். சில சமயம் அது பட்டா நிலமாகவே இருக்கும், சொந்தக்காரரே காசு வாங்கிக்கொண்டு இடம் விட்டிருப்பார். அப்போது புகாரில் அவரும் வர வேண்டும், உள்ளூர்க்காரர் என்று தயங்கினால் வேலை நடக்காது.

மனு ஒரே பக்கம் இருக்கட்டும். தேதி, நேரம், சர்வே எண், பார்த்தது என்ன, கேட்பது என்ன, இவ்வளவுதான். ‘கேரளத்துக்காரன் சதி’ என்று எழுதாதீர்கள். சரக்கு இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் நம்மூர் லாரிகளிலும் இது வரும், புரோக்கரும் பக்கத்து ஊராக இருக்கலாம். காவல் நிலையம், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம், ஆட்சியர், காட்டை ஒட்டிய இடமென்றால் வனச்சரகர் என எல்லோருக்கும் அன்றைக்கே கொடுங்கள். நோய் பரவக் காரணமான அலட்சியத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) 271-ஆம் பிரிவு இருக்கிறது. புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட் போடுங்கள். சோதனைச் சாவடி சிசிடிவி பதிவைப் பாதுகாக்கச் சொல்லி மனுவிலேயே ஒரு வரி சேருங்கள். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும், அடுத்த வாரம் கேட்டால் இருக்காது.

இரவில் லாரியை நீங்களே மறிக்க வேண்டாம். நம்பரைக் குறித்துக்கொண்டு போலீஸைக் கூப்பிடுங்கள்.

ஒரு வாரம் அசைவில்லையென்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வாரியத்தின் ஆய்வறிக்கை நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள், வராவிட்டால் மேல்முறையீட்டுக்கு இன்னொரு 30 நாள். இதற்கிடையே பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடுவதற்கான கெடு ஓடிக்கொண்டிருக்கும். தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி ஆறு மாதம், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். கிராமசபை கூடும் நாள் நெருங்கினால் சர்வே எண்ணோடு தீர்மானம் போட்டு அதன் நகலை இணையுங்கள்.

அள்ள வரும் நாளில் ஊரிலிருந்து இருவராவது நிற்க வேண்டும். மேலாக வாரிவிட்டு அடிமண்ணை விட்டுவிடுவார்கள், மழை பெய்ததும் சிரிஞ்சுகள் ஓடையில் மிதக்கும். மேல்மண்ணையும் வழித்து எடுக்கச் சொல்லுங்கள். எத்தனை லோடு, எந்த நம்பர் வண்டி, எங்கே போகிறது என்பதை மகஜரில் (சாட்சிகள் முன் அங்கேயே எழுதும் பதிவு) எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.