ஆரத்தித் தட்டும் வெள்ளைப் பக்கமும்: வீட்டில் ஒருவர் சட்டமன்றத்துக்கு நின்றால் கணக்கு எழுதுவது எப்படி

கோத்தகிரியில் பச்சைத் தேயிலை வாங்கும் ஒரு தொழிற்சாலையில் 26 வருடம் கணக்கு எழுதினேன். 2021இல் அண்ணன் குன்னூர் தொகுதியில் சுயேச்சையாக நின்றபோது என்னைத் தேர்தல் முகவராகப் போட்டார். ஓட்டு எப்படி வாங்குவது என்று என்னிடம் கேட்காதீர்கள், அது எங்களுக்கும் தெரியவில்லை. கணக்கில் மாட்டாமல் நிற்பது எப்படி என்று கேட்டால் சொல்லலாம்.

அண்ணன் பழைய காலத்து ஆள். அப்பா ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்காரர். 1967இல் நீலகிரி மக்களவைத் தொகுதியில் அந்தக் கட்சியின் நஞ்ச கவுடர் ஜெயித்தபோது, ஊர்ச் சுவரில் நட்சத்திரச் சின்னம் வரைந்தவர். அரசு கடன் வாங்கக் கூடாது, இலவசம் தரக் கூடாது, சாராயக் கடை வேண்டாம், ஊர் வழக்கம் கெடக் கூடாது. அண்ணன் பேசியது இவ்வளவுதான். இப்படிப் பேசுகிறவருக்கு எந்தக் கட்சி சீட்டு தரும்?

முதல் வேலை வங்கிக் கணக்கு. வேட்புமனு கொடுப்பதற்கு ஒரு நாளாவது முன்னால் தேர்தலுக்கென்று தனியாகத் திறக்க வேண்டும். வேட்பாளர் பெயரில் மட்டும் இருக்கலாம், அல்லது வேட்பாளரும் தேர்தல் முகவரும் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம். எங்கள் வங்கியில் ஒருவர் பழக்கதோஷத்தில் அண்ணி பெயரையும் சேர்த்து விண்ணப்பத்தை நிரப்பிவிட்டார். முகவராக இல்லாத மனைவியைச் சேர்க்க முடியாது. நான் பார்த்திருக்காவிட்டால் கணக்கு அப்படியே போயிருக்கும். பாஸ்புத்தகம் கைக்கு வந்ததும் முதல் பக்கத்தைப் படியுங்கள்.

அடுத்தது வேட்புமனு. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும், சுயேச்சைக்கு 10 பேர் வேண்டும். பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். எங்கள் பட்டியலில் ஏழாவதாக இருந்த பெரியவர் மகளோடு ஊட்டிக்குக் குடிபோய், பெயரும் அங்கே மாறியிருந்தது. அவருக்கே அது தெரியாது. ஒருவர் பெயர் தவறினாலும் மனு தள்ளுபடிதான். அதனால் கடைசியாக வந்த வாக்காளர் பட்டியலை வைத்து பாகம் எண், வரிசை எண் இரண்டையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒருவர் நான்கு மனு வரை கொடுக்கலாம், டெபாசிட் ஒரே தடவைதான். ஆகவே வேறு பத்துப் பேரை வைத்து இரண்டாவது மனுவையும் கொடுத்துவிடுங்கள். பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. இல்லாததற்கு 'இல்லை' என்று எழுதுங்கள். டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு 5,000. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் திரும்பக் கிடைக்கும். அண்ணன் அதைக் கோயில் உண்டியலில் போட்டதாக நினைத்துக்கொண்டார்.

இனி பதிவேடு. மனு கொடுத்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரை எல்லாச் செலவும் இதில் ஏற வேண்டும். முன்னாலேயே வாங்கி வைத்த துணிக்கொடியை இந்த நாட்களில் கட்டினால் அதுவும் செலவுதான். வெள்ளைப் பக்கம் அன்றாடச் செலவுக்கு, இளஞ்சிவப்பு ரொக்கத்துக்கு, மஞ்சள் வங்கிக்கு. தொழிற்சாலையில் இலை எடை எழுதிப் பழகியவளுக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் ஒன்று, அன்றைய கணக்கை அன்றே எழுத வேண்டும். ராத்திரி பத்தரைக்கு ஜீப் வந்து நிற்கும், எல்லோருக்கும் தூக்கம் சொக்கும். அப்போதே ஒவ்வொருவர் சட்டைப்பையையும் துழாவிச் சீட்டை வாங்கிவிடுங்கள். காலையில் கேட்டால் 'நேத்து டீ ஒரு பத்துப் பதினஞ்சு இருக்கும்க்கா' என்பார்கள். ரசீது இல்லாத செலவுக்கு மாவட்ட நிர்வாகத்தின் விலைப்பட்டியலை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். மலையில் டீக்கடைக்காரர் ரசீதுக்கு எங்கே போவார்? நானே துண்டுச் சீட்டு அச்சடித்து, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கிவரச் சொன்னேன்.

ஒரே ஆளுக்கோ கடைக்கோ தேர்தல் முழுவதற்கும் சேர்த்து 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. ஜீப்புக்கு நாளுக்கு 2,200 பேசினோம், 13 நாளுக்கு 28,600. ஆகவே செக். டிரைவர் முகம் தொங்கிப்போயிற்று. "செக்கைக் குடுத்தா பங்க்ல டீசல் ஊத்துவானாக்கா?" என்றார். வாடகையை அவருக்கு செக்காகவும், டீசல் பணத்தை பெட்ரோல் பங்க்குக்கு நேராக இன்னொரு செக்காகவும் கொடுத்தோம். இதை முதல் நாளே பேசி முடியுங்கள். கீழ்க்கோத்தகிரி தாண்டி கரிக்கையூர் போகிற வழியில் வண்டியை நிறுத்திப் பேசுகிற விஷயமில்லை இது.

சுயேச்சைக்குச் சின்னம் கிடைப்பது மனு வாபஸ் நேரம் முடிந்த பிறகு. எங்களுக்கு மார்ச் 22 சாயங்காலம் கிடைத்தது, பிரசாரம் ஏப்ரல் 4 மாலை 7 மணியோடு முடிந்தது. சின்னமில்லாமல் நோட்டீஸ் அடித்தால் வீண். அச்சகத்தை முன்பே பேசி, தாளை மட்டும் தயாராக வைக்கச் சொல்லுங்கள். நோட்டீஸில் அச்சடித்தவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும், எத்தனை பிரதி என்பதும் இருக்க வேண்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் தடை என்பதால் தண்ணீர் பாட்டில் கணக்கே எங்களுக்கு இல்லை. பித்தளைக் குடமும் நாலு எவர்சில்வர் டம்ளரும் ஜீப்பிலேயே இருந்தன.

அப்புறம் ஆரத்தி. என்னைத் தூங்கவிடாத தலைவலி இதுதான். வேட்பாளர் ஊருக்குள் நுழைந்தால் பெண்கள் தட்டோடு நிற்பார்கள். தட்டில் நோட்டைப் போடுவது மரபு என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அண்ணனும் அப்படித்தான். "தட்டு காலியா திரும்பினா அபசகுனம்மா" என்றார். நான் சொன்னேன்: "அண்ணா, அந்த நோட்டை வெள்ளைப் பக்கத்தில் என்னவென்று எழுதட்டும்?" வாக்காளருக்குக் கொடுக்கிற காசு லஞ்சம், சட்டம் அனுமதிக்கும் செலவு வரம்புக்குள் வருகிற செலவு இல்லை. எழுதினாலும் குற்றம், எழுதாவிட்டாலும் குற்றம். இரண்டு நாள் அண்ணன் என்னோடு பேசவில்லை. வழக்கத்தைக் காப்பாற்றத்தானே நிற்கிறேன், முதல் வழக்கத்தையே நீ நிறுத்துகிறாய் என்று அண்ணியிடம் குறைபட்டிருக்கிறார்.

அரவேனு பக்கம் ஒரு ஊரில் ஒரு பாட்டி தட்டோடு வந்தார். அண்ணன் கை சட்டைப்பைக்குப் போனது. நான் ஜீப்பில் இருந்தேன், மூச்சே நின்றுவிட்டது. கை வெறுமையாக வெளியே வந்தது. தட்டிலிருந்து குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, பாட்டி காலில் விழுந்தார். பாட்டி தட்டைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "நல்லா இரு தம்பி" என்றார். அந்த ஆசீர்வாதம் மனசிலிருந்து வந்ததா, தெரியாது. மறுநாளிலிருந்து மருமகனை ஒரு மணி நேரம் முன்னதாக அனுப்பி, 'ஆரத்தி வேண்டாம், ஒரு சொம்பு தண்ணீர் போதும்' என்று சொல்ல வைத்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தட்டு நீண்ட பிறகு மறுப்பது வேட்பாளருக்கும் அசிங்கம், தட்டை ஏந்தியவருக்கும் அசிங்கம்.

உங்களைப் போலவே அதிகாரிகளும் ஒரு பதிவேடு வைத்திருப்பார்கள், நிழல் பதிவேடு என்பார்கள். வீடியோ குழு எடுத்த படத்தை வைத்து அதை எழுதுவார்கள். ஒரு கூட்டத்தில் எங்களுக்கு ஆறு ஜீப் என்று நோட்டீஸ் வந்தது. எங்களுடையவை இரண்டு, மீதி நாலும் பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு வந்தவை! அனுமதிச் சீட்டு நகலையும், அன்று நான் குறித்து வைத்த எங்கள் வண்டி எண்களையும் சேர்த்துப் பதில் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். கூட்டம் நடக்கும் இடத்தில் மற்ற வண்டிகளின் எண்ணையும் குறித்துக்கொள்வது அதற்குப் பிறகு வந்த பழக்கம்.

பிரசார நாட்களில் மூன்று முறை பதிவேட்டைக் காட்ட வேண்டும். நான் மூன்று முறையும் கட்டபெட்டு வழியாக ஊட்டிக்குப் பஸ்ஸில்தான் போனேன், டிக்கெட்டையும் ஒட்டினேன். அப்போது சட்டமன்ற வேட்பாளருக்குச் செலவு வரம்பு 30 லட்சத்து 80 ஆயிரம், 2022இல் 40 லட்சமாக்கினார்கள். எங்கள் மொத்தச் செலவு 2,86,400. பார்த்த அதிகாரி, "வேறு கணக்கு நோட்டு இருக்கிறதா அம்மா?" என்று கேட்டார்.

தோற்றால் கணக்கு வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் முழுக் கணக்கும் போக வேண்டும். போகாவிட்டால் மூன்று வருடம் வரை தேர்தலில் நிற்கத் தடை வரலாம். எங்களுக்கு மே 2இல் முடிவு, ஓட்டு எண்ணூற்றுச் சொச்சம், டெபாசிட் போய்விட்டது. மே 7ஆம் தேதியே கணக்கைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிட்டேன். மூன்றாம் நாள் கொரோனா ஊரடங்கு. அந்தச் சீட்டு இன்னமும் பீரோவில் நிலப் பத்திரத்துக்கு அடியில் இருக்கிறது. அடுத்த தடவை நிற்கப் போகிறாரா என்று அண்ணியிடம்தான் கேட்க வேண்டும்.