சூப்பர்கார் ரெண்ட வச்சு எது நல்லதுன்னு பாக்குறப்ப நம்ம ஆளுங்க பண்ற தப்புங்க

மலேசியாவுல, பேராக் பக்கம் பீடோர்ல டயர் பேட்டரி கடை வச்சிருக்கவனுக்கு சூப்பர்கார பத்தி என்ன தெரியும்னு கேப்பீங்க, ஞாயித்துக்கிழமை காலையில வந்து பாருங்க லா, கேஎல்லேருந்து ஈப்போ பக்கம் போற காடிங்க வாத்து மீ சாப்பிட டவுனுக்குள்ள எறங்கும், செம்பனைப் பழ லோரிக்குப் பின்னால லம்போர்கினி ஹுராக்கான் ஒன்னு உறுமிக்கிட்டே நிக்கும், லோரிக்காரன் அத திரும்பிக்கூட பாக்க மாட்டான். கடை போடுறதுக்கு முன்னால நான் கேஎல்ல ரீகான் காடி, அதாவது வெளிநாட்டுலேருந்து எறக்குமதி ஆன பழைய காடி, பாக்குற வொர்க்‌ஷாப்புல பல வருஷம் போமேனா, மெக்கானிக்கா இருந்தவன், அதனால இந்த காடிங்களோட வயிறு எப்படி இருக்கும்னு கொஞ்சம் தெரியும்.

இப்ப எதுக்கு எழுதுறேன்னா, நம்ம ஊர்ல ஒரு அண்ணன், லயன் வீட்டுல பொறந்து வளந்து இன்னிக்கு சொந்தமா லோரி ஓட்டுறாரு, போன மாசம் பசியாற உக்காந்தப்ப ஃபோன நீட்டி "தம்பி, 488, 720எஸ், ஹுராக்கான், மூனுல எதுடா வேகம்?"னு கேட்டாரு. 488 ஃபெராரி, 720எஸ் மெக்லாரன். நான் சொன்னேன், அண்ணே மொத கேள்வியே தப்பு. அவருக்கு கோவம். தே தாரேக் ஆறிப்போற வரைக்கும் பேசுனோம்.

வேகத்த எடுத்துக்குங்க. பேப்பர்ல 0லேருந்து 100க்கு 720எஸ் 2.9 செகண்ட், 488 ஜிடிபி 3.0, ஹுராக்கான் எல்பி610-4 வந்து 3.2. இந்த 0.3 செகண்டுக்காக மாமாக் கடையில சண்ட போடுறாங்க, நம்ம நெடுஞ்சாலையில லிமிட் 110. அந்த 110ல எந்த காடி உங்களுக்கு சந்தோஷம் குடுக்குதுங்கிறதுதான் பாக்கணும். 488ல டர்போ, ஏழாவது கியர்ல 760 நியூட்டன் மீட்டர் 3,000 சுத்துலயே வந்துரும், காலு லேசா பட்டாலே 110 தாண்டிரும், அப்புறம் மிச்சத்த வச்சு என்ன பண்றது. ஹுராக்கான் வி10ல டர்போ கிடையாது, 560தான், அதுவும் 6,500 சுத்துக்கு ஏறுனாத்தான் முழுசா கெடைக்கும், ஆனா அங்க ஏறுற வரைக்கும் வர்ற சத்தம் இருக்கே, காசு குடுத்தது அதுக்குத்தான்னு தோணும். பேப்பர்ல தோக்குற காடி ரோட்ல ஜெயிக்கிறது இப்படித்தான்.

ஸ்டீயரிங்க பத்தி யாரும் கேக்குறதே இல்ல. 488ம் 720எஸ்ஸும் இன்னும் ஹைட்ராலிக், ரோட்ல இருக்குற கல்லு கைக்குத் தெரியும். ஹுராக்கான் எலக்ட்ரிக், அதுலயும் வேகத்துக்கு ஏத்த மாதிரி திருப்பம் மாறுற ஸ்டீயரிங் ஒரு ஆப்ஷன், சில காடில இருக்கும் சில காடில இருக்காது, ரெண்டும் ஓட்டுனா வேற வேற காடி மாதிரி இருக்கும். கூட்டாளியோட ஹுராக்கான ஓட்டிப் பாத்துட்டு ஷோரூம்ல நிக்கிற இன்னொரு ஹுராக்கானுக்கு டெபாசிட் கட்டுறது அதனால தப்பு. எந்த காடி வாங்கப் போறீங்களோ அதையே ஓட்டுங்க, மழை பெஞ்சா இன்னும் நல்லது. எல்பி610-4 நாலு சக்கரமும் இழுக்கும், 488ம் 720எஸ்ஸும் பின் சக்கரம் மட்டும்தான், நம்ம ஊரு சாயங்கால மழையில தாப்பாலேருந்து கேமரன் மலை ரிங்லட்டுக்கு ஏறுற வளைவுல அந்த வித்தியாசம் வயித்துல தெரியும்.

அடுத்தது காசு. தப்பு அதிகமா நடக்குறது இங்கதான்.

நம்ம ஆளுங்க வாங்குற வெலையத்தான் பாக்குறாங்க, விக்கிற வெலைய பாக்குறதில்ல. "டேய் 720எஸ் இவ்வளவு எறங்கிருச்சு, லாபம் டா"ன்னு ஒருத்தன் ஃபோன் பண்ணுவான். ஏன் எறங்குச்சுன்னு யோசிச்சானா? மெக்லாரன் 2011ல 12சி விட்டாங்க, 2014லயே 650எஸ் வந்துருச்சு, அடுத்த வருஷம் 675எல்டி, 2017ல 720எஸ், 2020ல 765எல்டி, 2023ல 750எஸ். புதுசு வர வர பழசு வாங்குனவன் கையில இருக்குறது தேய்ஞ்சுகிட்டே போவும். மோசமான காடின்னு சொல்லல, நான் ஓட்டுனதுல ரோட்ல மெதக்குற மாதிரி போற காடி 720எஸ்தான், சஸ்பென்ஷன் அப்படி. ஆனா எறங்குன வெலை இதோட நின்னுரும்னு நெனைக்காதீங்க, அடுத்த மாடல் வர்றப்ப இன்னும் எறங்கலாம். இந்தப் பக்கம் 458 ஸ்பெச்சியாலே மாதிரி காடிங்க டர்போ இல்லாத ஃபெராரி வி8ல கடைசி வரிசைங்கிறதால வெலை விடாம நிக்குது. ஹுராக்கானுக்கும் அந்தக் காத்து கொஞ்சம் அடிக்குது, ஹுராக்கான் போய் வந்த தெமெராரியோ டர்போவும் ஹைப்ரிட்டும் சேந்த வி8 ஆயிருச்சு.

வீடியோ பாத்துட்டு இங்கிலாந்து கணக்க இங்க போடுறதும் தப்புதான். அங்க ஒரு காடி மூனு வருஷத்துல இத்தன பவுண்டு எறங்குதுன்னு சொல்றது அங்க உள்ள வெலைக்கு. நம்ம ஊர்ல வெலைக்குள்ள எறக்குமதி வரி, எக்சைஸ், சேல்ஸ் டேக்ஸ்னு ஒரு மூட்டையே ஏறி உக்காந்திருக்கு. அதுக்கு மேல ஏபி, அதாவது எறக்குமதி அனுமதி, போட்டு இங்கிலாந்துலேருந்தும் ஜப்பான்லேருந்தும் ரீகான் வந்து எறங்குறப்பல்லாம், இங்க புதுசா வாங்குன காடியோட வெலையையும் அது கீழ இழுக்கும். வெளம்பரத்துல போட்டிருக்குற வெலை கேக்குற வெலை மட்டுந்தான், அந்தக் காடி எட்டு மாசமா அங்கேயே நிக்குதுன்னா அது வெலையே இல்ல.

அண்ணனுக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுனேன், நம்பர் சும்மா உதாரணத்துக்கு. 9 லட்சம் வெள்ளிக்கு வாங்கி மூனு வருஷம் கழிச்சு 6.5 லட்சத்துக்கு வித்தா 2.5 லட்சம் போச்சு, வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓட்டுனா மொத்தம் 9,000, ஒரு கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 28 வெள்ளி. பீடோர்லேருந்து கேஎல்லுக்கு சுமார் 130 கிலோமீட்டர், போறதுக்கு மட்டும் 3,600 வெள்ளிக்கு மேல, பெட்ரோலும் டோலும் இன்னும் சேக்கல. அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "லோரியே பரவால்லடா"ன்னாரு.

ரோட் டேக்ஸ்ல வேற மாதிரி ஏமாறுறாங்க. தீபகற்பத்துல தனியார் பேர்ல உள்ள காடிக்கு 3,000 சிசி தாண்டுனா 2,130 வெள்ளி, அதுக்கு மேல ஒவ்வொரு சிசிக்கும் 4.50. 488 வந்து 3,902 சிசி, 6,189 வெள்ளி. 720எஸ் 3,994 சிசி, 6,603. ஹுராக்கான் 5,204 சிசி, வருஷத்துக்கு 12,048 வெள்ளி, நம்ம சின்னக் காடி 1.5 மைவிக்கு 90 வெள்ளி கட்டுறோம். ஆனா பாருங்க, புது ஃபெராரி 296 ஜிடிபி 830 குதிரை, இஞ்சின் 2,992 சிசிதான், ரோட் டேக்ஸ் 2,110. இத பாத்துட்டு ஒருத்தன் "ஹுராக்கான விட வருஷத்துக்கு பத்தாயிரம் மிச்சம்"னு குதிச்சான், வாங்குற வெலையில உள்ள வித்தியாசத்துக்கு அந்தப் பத்தாயிரத்த எத்தன வருஷம் சேக்கணும்னு கேட்டேன், பதில் இல்ல.

லோரி வச்சிருக்கவங்க எல்லாருக்கும் கம்பெனி பேர்ல போட்டா டேக்ஸ்ல கழிச்சுக்கலாம்னு ஒரு நெனப்பு. கம்பெனி பேர்ல போட்டா ரோட் டேக்ஸே அதிகம். கழிவும் நீங்க நெனைக்கிற அளவுக்குக் கெடையாது, சரக்கு ஏத்தாத காடி ஒன்றரை லட்சம் வெள்ளிய தாண்டுனா, இல்ல பழைய காடியா இருந்தா, 50,000 வெள்ளிக்குத்தான் கணக்கு எடுப்பாங்க, காடி பத்து லட்சம்னாலும் அதேதான். அண்ணனுக்குக் கணக்கு எழுதுற கிராணிக்கே இது தெரியும், இவருதான் கேக்கல.

இன்சூரன்ஸ் சுருக்கமா சொல்லிர்றேன். க்ளெய்ம் பண்ணாததுக்குக் கெடைக்கிற கழிவு, என்சிடி, 55 விழுக்காட்டுக்கு மேல ஏறாது, வெள்ளத்துக்கு தனியா சேக்கணும், கண்ணாடிக்கும் தனியா சேக்கணும், சாதாரண முழு காப்புறுதில இந்த ரெண்டும் வராது. காடி போச்சுன்னா குடுக்குறது மார்க்கெட் வெலையா, பேசி வச்ச வெலையான்னு பாலிசில பாருங்க. இதெல்லாம் மைவிக்கும் உள்ளதுதான், ஆனா இங்க கண்ணாடி ஒன்னு போச்சுன்னா அந்தக் காசுல ஒரு நல்ல மோட்டோ வாங்கலாம்.

இப்ப என் ஏரியாவுக்கு வரேன். "கிலோமீட்டர் கம்மி, அதனால நல்ல காடி." இத நானே ஒரு காலத்துல சொல்லிருக்கேன், வெக்கமாத்தான் இருக்கு. மொதல்ல, இங்கிலாந்து காடில மீட்டர் மைல்ல ஓடும். 20,000ன்னு பாத்துட்டு சந்தோஷப்படுவீங்க, அது 32,000 கிலோமீட்டர். மூனு வயசு தாண்டுன காடின்னா அங்க எம்ஓடின்னு காடி ரோட்டுக்குத் தகுதியான்னு வருஷா வருஷம் பாக்குற சோதனை இருக்கும், பழைய இங்கிலாந்து நம்பர் தெரிஞ்சா அரசாங்கப் பக்கத்துல காசில்லாமயே ஒவ்வொரு வருஷமும் மீட்டர் எவ்வளவு இருந்துச்சுன்னு பாக்கலாம், விக்கிறவன்கிட்ட அந்த நம்பர கேளுங்க, தர மாட்டேன்னா கெளம்பிருங்க.

ரெண்டாவது, நின்னுகிட்டே இருந்த காடி ஓடுன காடிய விட செலவு வைக்கும். பேட்டரி செத்திருக்கும், சீல் காஞ்சிருக்கும், டயர் கல்லாயிருக்கும். டயர் ஓரத்துல நாலு நம்பர் இருக்கும், 2319ன்னா 2019ல 23ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். டயர் மேல வெட்டியிருக்குற பூ நல்லா ஆழமா இருக்குன்னு தடவிப் பாத்துட்டு வாங்குவாங்க, பூ இருந்து என்ன, ரப்பர் செத்துப்போச்சே. ட்ராக்குக்குன்னு செஞ்ச டயர் மாட்டிருந்தா இன்னும் மோசம், காஞ்ச ரோட்ல ராஜா, மழையில சவுக்காரத்து மேல நடக்குற மாதிரி. ரெண்டு காடிய ஒப்பிடுறப்ப ஒன்னுல புது டயரு, இன்னொன்னுல ஆறு வருஷப் பழசுன்னா நீங்க ஒப்பிட்டது காடிய இல்ல, டயர. நாலு டயரும் புதுசு போட என்ன ஆவும்னு கேட்டு வெலையில கழிச்சுட்டு பேசுங்க.

பிரேக்கும் அப்படித்தான். இந்த மூனு காடிக்கும் கார்பன் செராமிக் டிஸ்க், சாதாரணமா ரோட்ல ஓட்டுனா ரொம்ப நாள் வரும். ஆனா டயர் மாத்துறவன் வீல கழட்டுறப்ப ஓரத்துல இடிச்சான்னா டிஸ்க்கு துண்டு பேந்துரும், அதோட வெலைய கேட்டா தூக்கம் வராது. அதனாலதான் நாங்க நீளமா ஒரு பின்ன திருகி விட்டு அது மேலேயே வீல வழுக்கிக்கிட்டு வெளிய எடுப்போம். வாங்குறதுக்கு முன்னால டார்ச் அடிச்சு டிஸ்க்கோட ஓரத்த சுத்திப் பாருங்க.

பழைய காடி, ஒத்தக் கிளச்சு உள்ள தானியங்கி கியர் டைப், வெலை கம்மியா கெடைக்குதேன்னு வாங்குறவங்க ஒன்னு கேட்டுக்குங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னால கேமரன் மலை லீவு நாள் ஜாம்ல, ஏத்தத்துல ஊர்ந்து ஊர்ந்து போயி ஒருத்தர் கிளச்ச கருக்கிட்டாரு, என்ன காடின்னு சொல்ல வேணாம், நாங்க போறப்ப ரோடு பூரா அந்த வாடை. அந்த டைப்ல கிளச்சு எத்தன விழுக்காடு தேஞ்சிருக்குன்னு மெஷின் போட்டா நம்பரே காட்டும், அத பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்க.

சர்வீஸ்ல ஒன்னு. ஃபெராரி புதுக் காடிக்கு ஏழு வருஷ சர்வீஸ் சேத்துத் தர்றாங்க, காடி கை மாறுனாலும் அது கூடவே போவும். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா தேயுற சாமான் அதுல வராது, நீங்க வாங்குறது ரீகான்னா இங்க செல்லுமான்னு எழுத்துல வாங்காம கணக்குல சேக்காதீங்க.

அப்புறம் நம்ம ஊருக்குன்னே உள்ள கேள்விங்க. வீட்டுக்கு வர்ற ரோட்ல பழ லோரி சிந்திட்டுப் போற செம்மண்ணு, உதிரிப் பழம், பள்ளிக்கூடத்துக்கு முன்னால உள்ள மேடு, இதெல்லாம் தாண்டி போர்ட்டிக்கோவுல ஏறுமா? முன்பக்கம் தூக்குற வசதி மூனு காடிலயும் ஆப்ஷன்தான், இல்லாத காடி கொஞ்சம் மலிவா இருக்கும், நம்ம ஊருக்கு அந்த மலிவு வேணாம். அதுக்கு மேல எலி. தோட்டத்துல எலிக்குன்னே பொட்டி கட்டி ஆந்த வளக்குறான் எஸ்டேட்டு, போர்வை போட்டு மூனு வாரம் நிறுத்தி வச்ச காடிக்கு எவன் ஆந்த வளக்குறது? ஒயர் கடிச்சு வந்த காடி எங்கிட்டயே நெறைய வந்திருக்கு, மைவின்னா ஒரு மத்தியானத்துல முடிச்சுருவேன்.

அண்ணன் இன்னும் எதுவும் வாங்கல. ஆனா போன வாரம் கடைக்கு வந்து பத்தடி பலகை ஒன்னு இருக்கான்னு கேட்டாரு, எதுக்குன்னு கேட்டா போர்ட்டிக்கோ சரிவ அளக்கணுமாம்.