லிப்போசோம் அளவு 130 நானோமீட்டர் என்று வருகிறதா? பாகுநிலையைப் பாருங்கள்

மருந்து ஏற்றிய லிப்போசோமின் (கொழுப்புப் படலத்தாலான நுண்ணிய பை) அளவை, சிதறும் ஒளியை வைத்துத் துகளின் அளவைக் கணக்கிடும் டிஎல்எஸ் கருவியில் முதல்முறையாகப் பார்க்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். கருவியை ஆன் செய்வதையும் மென்பொருளைத் திறப்பதையும் உங்கள் லேபில் யாராவது காட்டிவிடுவார்கள்.

முதலில் பஃபரை, அதாவது சாம்பிளை நீர்க்கச் செய்யும் கரைசலை, 0.2 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டரில் வடிகட்டுங்கள். இவ்வளவு சிறிய துகள்கள் சிதறடிக்கும் ஒளி, விட்டத்தின் ஆறாம் படிக்கு ஏற்பக் கூடும். 10 நானோமீட்டர் துகளைவிட 100 நானோமீட்டர் துகள் ஏறக்குறைய 10 லட்சம் மடங்கு ஒளியைச் சிதறடிக்கும். கொஞ்சம் தூசி விழுந்தாலே அளவீடு கெட்டுவிடும். ஆனால் சாம்பிளை வடிகட்டாதீர்கள். துகள்கள் ஒட்டித் திரண்டிருந்தால் அவை ஃபில்டரில் தங்கிவிடும், நாம் கண்டுபிடிக்க வேண்டிய கோளாறே மறைந்துபோகும்.

அடுத்து நீர்க்கச் செய்வது. வெறும் தண்ணீர் ஊற்றக் கூடாது. உள்ளே உப்போ சர்க்கரையோ இருக்கும் லிப்போசோம், ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பும், மருந்தும் கசியும். வெளியே எந்தக் கரைசல் இருக்கிறதோ அதிலேயே நீர்க்கச் செய்யுங்கள். அமெரிக்காவில் 1995-ல் அனுமதி பெற்ற டாக்சில் மருந்திலும் லிப்போசோம்கள் சுக்ரோஸ் கரைசலில்தான் மிதக்கின்றன.

நான் மாட்டிக்கொண்ட இடமும் இந்தச் சுக்ரோஸ்தான். 100 நானோமீட்டர் வரவேண்டிய பேட்ச் 130 காட்டியது. லிப்போசோமை அளவாக்கும் சவ்வை மாற்றினேன், லிப்பிடைப் புதிதாக எடைபோட்டேன், ஒரு வாரம் போயிற்று. டிஎல்எஸ் நேரடியாக அளவைப் பார்ப்பதில்லை. துகள் எவ்வளவு வேகமாகத் தள்ளாடுகிறது என்று பார்த்து, திரவத்தின் பாகுநிலையை (அது எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதை) வைத்து விட்டத்தைக் கணக்கிடுகிறது. 25 டிகிரியில் தண்ணீரின் பாகுநிலை 0.89 மில்லிபாஸ்கல்-விநாடி, 10 சதவீத சுக்ரோஸுக்குச் சுமார் 1.15. மென்பொருளில் ‘தண்ணீர்’ என்றே விட்டிருந்தேன். துகள் மெதுவாக நகர்ந்ததை, பெரிய துகள் என்று கருவி எடுத்துக்கொண்டது. பாகுநிலையையும் ஒளிவிலகல் எண்ணையும் மாற்றியதும், பழைய தரவிலேயே சரியான அளவு கிடைத்தது. புதிதாக அளக்கவே தேவையிருக்கவில்லை.

குவெட்டை (சாம்பிள் ஊற்றும் சிறு கலம்) உள்ளே வைத்ததும் ரன் கொடுக்காதீர்கள், வெப்பநிலை சமமாக இரண்டு நிமிடமாவது விடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சாம்பிள் என்றால் இன்னும் அதிகம். குவெட்டுக்கு என் தேர்வு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தான். குவார்ட்ஸைக் கழுவித் தூசியில்லாமல் வைப்பது பெரிய பாடு. மூன்று முறை அளந்து, சராசரி அளவோடு, துகள்களின் அளவு எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டும் பிடிஐ எண்ணையும் எழுதுங்கள். லிப்போசோமுக்கு 0.2-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. எண்ணிக்கை வரைபடத்தை மட்டும் காட்டி அளவு சொல்வதை நான் ஏற்பதில்லை, பெரிய துகள்கள் அதில் காணாமல் போகும்.

பின்சேர்க்கை: ஜீட்டா மதிப்பு (துகளின் மேற்பரப்பு மின்னூட்டத்தைக் காட்டும் எண்) பூஜ்ஜியத்துக்குப் பக்கத்திலேயே வருகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இருவரும் பிபிஎஸ் என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலில் அளந்திருக்கிறார்கள். அதிலுள்ள உப்பு, துகளின் மின்னூட்டத்தை மறைத்துவிடும், எலக்ட்ரோடும் கறுக்கும். உப்பு குறைந்த 10 மில்லிமோலார் பஃபரில், ஊடுபரவல் அழுத்தம் கெடாதபடி சுக்ரோஸ் சேர்த்து அளந்து பாருங்கள். பாகுநிலையை அங்கேயும் மாற்ற வேண்டும்.